கடைவீதியில் கூடி வழிபட ஏன் அனுமதி? அமெரிக்க ‘ஸோனிங்’ பற்றி ஓர் எளிய விளக்கம்

நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை மாலைதோறும் கூடுகிற ஒரு பஜனைக் குழு உண்டு. ஆரம்பத்தில் பத்துக் குடும்பம். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக் கூடினோம். ஐம்பது குடும்பம் ஆனதும் எந்த வீடும் கொள்ளவில்லை. அதனால் ஒரு ஸ்டிரிப் மாலில் காலியாகக் கிடந்த கடையை வாடகைக்கு எடுத்தோம். ஸ்டிரிப் மால் என்றால் வரிசையாகக் கடைகள், முன்னால் எல்லோருக்கும் பொதுவான பார்க்கிங். முன்பு அந்தக் கடையில் தரைவிரிப்பு விற்றார்கள். நாங்கள் ஜமுக்காளம் விரித்து, பிள்ளையார் படம் மாட்டி, சுண்டல் விநியோகம் செய்ய ஆரம்பித்த நாலாவது வாரம் டவுன்ஷிப்பிலிருந்து, அதாவது உள்ளூர் நிர்வாகத்திடமிருந்து, கடிதம் வந்தது: “இந்த இடத்தில் இந்தப் பயன்பாட்டுக்கு ஸோனிங் அனுமதி பெறப்படவில்லை. கூட்டத்தை நிறுத்தவும்.”

அன்று இரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் தூங்கவில்லை. “சாமி கும்பிட அனுமதி கேட்கணுமா? இது மதச் சுதந்திரம் உள்ள நாடாச்சே” என்றார் ஒருவர். “நாம் இங்கே இருப்பதே அவர்களுக்குப் பிடிக்கவில்லை” என்றார் இன்னொருவர். “இதற்கென்று நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரு ஃபெடரல் சட்டமே இருக்கிறது, கோயிலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்” என்றார் மூன்றாமவர்.

மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எதுவும் முழு உண்மை இல்லை. அதற்குப் பிறகு ஒன்பது மாதம் இந்த விஷயத்தோடு மல்லுக்கட்டியதில் நான் தெரிந்துகொண்டதை, இதே கடிதம் கையில் வரப்போகிற அடுத்த குழுவுக்காக எழுதுகிறேன்.

அம்மிக்கல்லும் வாசற்படியும்

அம்மிக்கல் கொல்லையில் கிடந்தால் அரைக்க உதவும். அதையே கொண்டுவந்து வாசற்படியில் போட்டால் வருகிறவர் எல்லாம் இடறி விழுவார்கள். அம்மி மேல் ஒரு குற்றமும் இல்லை, கிடக்கிற இடம்தான் சரியில்லை. வீட்டுக்குள் இதை யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அடுப்பு எங்கே, சாமி மாடம் எங்கே, செருப்பு எங்கே என்று எல்லாவற்றுக்கும் இடம் வைத்திருக்கிறோம்.

ஊருக்கு அப்படி இடம் வைக்கிற விதிதான் ஸோனிங். ஊர் நிலத்தை வரைபடத்தில் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, விவசாயம் என்று பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எதை நடத்தலாம், எவ்வளவு உயரம் கட்டலாம், எத்தனை கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்று எழுதிவைப்பார்கள். நியூயார்க் நகரம் 1916இல் ஊர் முழுவதற்கும் இப்படி ஒரு விதி கொண்டுவந்தது. ஒஹாயோவில் யூக்ளிட் என்ற சிற்றூர் போட்ட விதியை ஒரு நிலக்காரர் எதிர்க்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1926இல் ஊர்ப்பக்கம்தான் தீர்ப்பானது. சரியான பொருளே தவறான இடத்தில் இருந்தால் தொல்லையாகிவிடும் என்பது அந்தத் தீர்ப்பில் வருகிற வாதம். நம் அம்மிக்கல் கதைதான்.

இதில் நம் ஆட்கள் அடிக்கடி தவறவிடுகிற ஒன்று உண்டு. இந்த விதியை எழுதுவது வாஷிங்டன் இல்லை. அந்தந்த ஊரின் நகராட்சி அல்லது டவுன்ஷிப்தான் எழுதுகிறது. பக்கத்து ஊரில் நண்பரின் குழு ஒரு கடையில் சிக்கலில்லாமல் கோயில் நடத்துகிறது என்பதால் நம் ஊரிலும் நடத்தலாம் என்று ஆகாது. நடுவில் ஓடுகிற ஒரு சாலையைத் தாண்டினால் விதிப் புத்தகமே வேறு.

சுருக்கமாக: ஸோனிங் என்பது எது எங்கே என்று சொல்லும் உள்ளூர் விதி. ஒரு காரியம் நல்லதா கெட்டதா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை.

கேள்வி சாமியைப் பற்றியா, கூட்டத்தைப் பற்றியா?

நியூயார்க்கில் ஃப்ளஷிங் பகுதியில் பௌன் தெரு என்று ஒன்று இருக்கிறது. நம்மில் பலருக்கு அது பிள்ளையார் கோயில் தெரு. ஒரு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருந்த இடத்தை வாங்கிக் கட்டிய கோயில் அது. 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம் நடந்தது. தெருவின் பெயருக்கு ஒரு கதை உண்டு. அந்த ஊர் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தபோது, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைத் தன் வீட்டில் கூடி வழிபட விட்டதற்காக ஜான் பௌன் என்பவரை 1662இல் கைது செய்தார்கள். நாடு கடத்தியும் விட்டார்கள். அவர் ஹாலந்து போய் முறையிட்டு வென்று திரும்பினார். அவர் வீடு இன்றும் அதே தெருவில் இருக்கிறது. அந்தத் தெருவில் நடந்து கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பௌனிடம் ஆட்சியாளர்கள் கேட்டது, “எந்த மாதிரி வழிபாடு நடக்கிறது?” அமெரிக்காவில் இன்று எந்த அதிகாரியும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. கேட்டால் மதச் சுதந்திரத்துக்கு உறுதி தரும் அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்தையே மீறியதாகும். ஸோனிங் அலுவலகம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எத்தனை பேர் வருவார்கள்? எப்போது வருவார்கள்? கார் எங்கே நிற்கும்? தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவார்கள்?

அனுமதி கேட்பது சாமி கும்பிடுவதற்கு என்று நாம் எடுத்துக்கொண்டதால்தான் முதல் நாளே கோபம் வந்தது. ஒரு கடையாக இருந்த இடத்தைக் கூட்டம் கூடும் இடமாக மாற்றுவதற்குத்தான் அந்த அனுமதி. அதே கடையை யோகா வகுப்பாகவோ விருந்து மண்டபமாகவோ மாற்ற நினைத்தவரும் அதே அலுவலக ஜன்னலுக்குத்தான் போயிருக்க வேண்டும். போகத் தேவையில்லை என்று விதி அவர்களை விட்டுவிட்டு, நம்மை மட்டும் வரச்சொன்னால்? அங்கேதான் சட்டம் நம் பக்கம் வருகிறது. அதைக் கொஞ்சம் பின்னால் பார்ப்போம்.

மூன்று பட்டியல்கள்

ஊரில் கல்யாண மண்டபம் வாடகைக்கு எடுத்திருப்பீர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி போட யாரையும் கேட்க வேண்டாம். இரவு பத்துக்கு மேல் மைக் வைக்க மேனேஜரைக் கேட்க வேண்டும். அவர் “சரி, சத்தம் குறைத்து வையுங்கள்” என்பார். மாடியில் அடுப்பு மூட்டுவது நடக்கவே நடக்காது.

ஸோனிங் புத்தகத்திலும் ஒவ்வொரு பகுதிக்கும் இப்படி மூன்று பட்டியல் இருக்கும். முதல் பட்டியலில் இருப்பது நேரடி உரிமை: விதிக்குள் இருந்தால் ஊர் தடுக்க முடியாது. இரண்டாவது, நிபந்தனை அனுமதி. இங்கே ‘கண்டிஷனல் யூஸ்’ அல்லது ‘ஸ்பெஷல் யூஸ்’ என்பார்கள். விண்ணப்பம் போட்டு, பொது விசாரணையில் விளக்கி, சில நிபந்தனைகளோடு வாங்க வேண்டியது. மூன்றாவது பட்டியலில் வருவது அந்தப் பகுதியில் கிடையாது.

வணிகப் பகுதியில் வழிபாட்டுக் கூட்டம் பெரும்பாலும் இரண்டாவது பட்டியலில் இருக்கும். சில ஊர்களில் முதல் பட்டியலில் இருக்கும், சில ஊர்களில் மூன்றாவதில். வாடகைக்கு இடம் தேடும் முன் பார்க்க வேண்டியது இந்த ஒரு பக்கத்தைத்தான். பெரும்பாலான ஊர்கள் அதை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. நாங்கள் பார்க்கவில்லை. வாடகை எவ்வளவு, கோயில் வைக்கிற மாதிரி கிழக்கு பார்த்த சுவர் இருக்கிறதா என்றுதான் பார்த்தோம்.

பார்க்கிங் என்கிற பெரிய விஷயம்

எங்கள் விசாரணையில் பாதி நேரம் கார் நிறுத்துவதைப் பற்றித்தான் போனது. இதைக் கேட்டு அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் கணக்கைப் பார்த்தால் அதன் நியாயம் புரியும்.

ஒரு ஊரின் விதி, கடை என்றால் 200 சதுர அடிக்கு ஒரு கார் இடம் என்று வைத்துக்கொள்வோம். 2,400 சதுர அடிக் கடைக்கு 12 இடம் போதும். வழிபாட்டு இடம் என்றால் மூன்று பேருக்கு ஒரு இடம் என்று இருந்தால், 150 பேர் கூடும் குழுவுக்கு 50 இடம் வேண்டும். அதே நான்கு சுவர்தான், தேவை நாலு மடங்கு கூடிவிட்டது. கடைக்கு வருகிறவர் பத்து நிமிடத்தில் போய்விடுவார். பஜனைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து, இரண்டு மணி நேரம் இருந்து, ஒரே நேரத்தில் கிளம்புவார்கள்.

இந்தக் கணக்குகள் நீண்ட மர பெஞ்சு போட்ட தேவாலயங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. “உங்களிடம் எத்தனை இருக்கை?” என்று எங்களைக் கேட்டார்கள். நாங்கள் தரையில் உட்காருகிறவர்கள் என்றோம். சரி, அப்படியானால் கூடத்தின் பரப்பை வைத்துக் கணக்கிடுகிறோம் என்றார்கள். வந்த எண்ணிக்கை நாங்கள் கனவிலும் காணாத கூட்டம். கோயில் பழக்கம் தேவாலயப் பழக்கத்திலிருந்து வேறுபட்டது. சாதாரண நாளில் வந்து சுற்றிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரே நேரத்தில் இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் விநாயகர் சதுர்த்திக்கும் சிவராத்திரிக்கும் ஊரே வரும். இதை நாம் எடுத்துச் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? மாதவாரியாக, நாள்வாரியாக, மணிவாரியாக எத்தனை பேர் வருவார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகுதான் பேச்சு சுமுகமானது. விண்ணப்பத்திலேயே மிகவும் பயன்பட்ட தாள் அதுதான்.

வணிகப் பகுதி வழிபாட்டுக்கு நன்றாகப் பொருந்துவதும் இந்தப் பார்க்கிங்கால்தான். பல் மருத்துவர், இன்ஷூரன்ஸ் ஆபீஸ், வங்கி எல்லாம் ஞாயிறு காலையில் மூடியிருக்கும். அவர்களுடைய இடங்கள் சும்மா கிடக்கும். தேவாலயத்துக்கு இது அப்படியே பொருந்தும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு வருகிற முஸ்லிம்களுக்கு அவ்வளவு எளிதில்லை. அந்த நேரம் கடைகளும் திறந்திருக்கும். நமக்கு இரண்டும் கலந்து வரும். பக்கத்துக் கடைக்காரர்களோடு ‘எங்கள் நேரத்தில் உங்கள் இடம்’ என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டால் பல ஊர்கள் அதை ஏற்கின்றன. இதற்குப் பகிர்வுப் பார்க்கிங் என்று பெயர்.

சுருக்கமாக: எத்தனை பேர், எப்போது என்ற இரண்டு எண்கள்தான் பார்க்கிங் வழக்கை வெல்லவும் தோற்கவும் வைக்கும்.

இன்னொரு ஜன்னல்: கட்டடப் பாதுகாப்பு

ஸோனிங் அனுமதி கிடைத்தாலும் வேலை முடியாது. அடுத்த ஜன்னலில் கட்டட அதிகாரி உட்கார்ந்திருப்பார். இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய. ஸோனிங், இடத்தைப் பற்றியது. கட்டட விதி, சுவருக்குள் இருக்கும் உயிர்களைப் பற்றியது.

பெரும்பாலான மாநிலங்கள் அடிப்படையாக வைத்துக்கொள்ளும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, ஒவ்வொரு கட்டடத்தையும் அதன் பயன்பாட்டை வைத்து வகைப்படுத்துகிறது. கடை ஒரு வகை, கூட்டம் கூடும் இடம் வேறு வகை. கடை என்றால் ஆளுக்கு 60 சதுர அடி என்று கணக்கு. 2,400 சதுர அடியில் 40 பேர். அதில் 1,800 சதுர அடிக் கூடத்தில் நெருக்கி நாற்காலி போட்டால் ஆளுக்கு 7 சதுர அடி என்று கணக்கு, 257 பேர். நாற்பது பேருக்கு ஒரு வாசல் போதும். இருநூற்றைம்பது பேர் ஒரே வாசலுக்கு ஓடினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. விளக்கும் கற்பூரமும் ஏற்றுகிறவர்கள் நாம். இந்த விதியை மட்டும் நான் ஒரு நாளும் தொந்தரவு என்று நினைத்ததில்லை.

ஐம்பது என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுக்குக் குறைவானவர்கள் கூடும் சிறு இடத்தைக் கூட்ட இடம் என்ற கடுமையான வகையில் சேர்ப்பதில்லை. ஐம்பதைத் தொட்டால் இரண்டாவது வாசல், வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்று செலவு ஆரம்பிக்கும். 300 பேரைத் தொட்டால் கூரையில் தானாக நீர் தெளிக்கும் தீயணைப்புக் குழாய்கள் வரை போகும்.

ஊர் ஏன் தயங்குகிறது

பார்க்கிங்கும் பாதுகாப்பும் வெளிப்படையாகப் பேசப்படுகிற காரணங்கள். தாழ்ந்த குரலில் பேசப்படுகிற காரணங்களும் உண்டு. மத அமைப்பு சொந்தமாக இடம் வாங்கினால் அந்த இடத்துக்குச் சொத்து வரி விலக்குக் கிடைக்கும். ஊருக்கு வருமானம் குறையும். கடைத்தெருவின் நடுவில் வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கும் ஒரு கதவு இருந்தால் தெருவின் நடமாட்டம் குறையும் என்ற கவலை.

அப்புறம் மது. பல மாநிலங்களில் வழிபாட்டு இடத்துக்கு இத்தனை அடிக்குள் மதுக்கடை உரிமம் தரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. நியூ ஜெர்சியில் அது 200 அடி, அரிசோனாவில் 300 அடி. உணவகங்களை வைத்துத் தெருவை மீட்டெடுக்க நினைக்கிற ஊருக்கு, நடுவில் ஒரு கோயிலோ சர்ச்சோ வந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டமே கைவிட்டுப் போய்விடும். ஊரின் கவலை பொய்யில்லை. அதைத் தீர்க்க என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதில்தான் சட்டம் நுழைகிறது.

அந்த ஃபெடரல் சட்டம்

வக்கீல்கள் ‘ஆர்லூபா’ என்று சுருக்கமாகச் சொல்லும் சட்டம் அது. வழிபாட்டு இடங்களின் நிலப் பயன்பாட்டையும் சிறையில் இருப்போரின் வழிபாட்டு உரிமையையும் சேர்த்துக் காப்பது. 2000 செப்டம்பரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் எதிர்ப்பின்றி நிறைவேறியது. புதிய, சிறிய மதக் குழுக்களை ஸோனிங் பெயரால் ஊர்கள் வெளியே நிறுத்துவது வழக்கமாகிவிட்டது என்று கண்டதால் வந்த சட்டம். அதன் பல பிரிவுகளில் இரண்டைப் புரிந்துகொண்டால் நமக்குப் போதும்.

முதலாவது, சம நடத்தை விதி: மதமல்லாத கூட்டத்துக்கு இடம் கொடுக்கிற நிபந்தனையைவிடக் கடுமையான நிபந்தனையை மதக் கூட்டத்துக்குப் போடக்கூடாது. நம் மொழியில் சொன்னால், கிளப்புக்குக் கதவு திறந்திருக்கிற தெருவில் கோயிலுக்குக் கதவைச் சாத்தக் கூடாது.

இரண்டாவது, பெரும் சுமை விதி: ஸோனிங் முடிவு ஒரு குழுவின் வழிபாட்டையே நசுக்குகிற அளவுக்குப் பாரமாக இருந்தால், மிக முக்கியமான பொதுநலக் காரணம் இருப்பதையும், அதற்கு இதைவிட இலகுவான வழி இல்லை என்பதையும் ஊர்தான் நிரூபிக்க வேண்டும்.

இரண்டும் வெவ்வேறு என்பதை ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைட் வழக்கு அழகாகக் காட்டுகிறது. மயாமி பீச்சுக்கு அருகில் உள்ள கடலோரச் சிற்றூர் அது. அங்கே வணிகப் பகுதியில் இரண்டு யூதக் குழுக்கள் வாடகை இடங்களில் கூடி வந்தன. ஊரின் விதி வழிபாட்டு இடங்களை வேறு ஒரே ஒரு பகுதியில் மட்டும் அனுமதித்தது. ஆனால் வணிகப் பகுதியில் தனியார் கிளப்புகளுக்கும் சங்கக் கூடங்களுக்கும் இடம் இருந்தது. மரபைக் கடைப்பிடிக்கும் யூதர்கள் சப்பாத் என்ற வாராந்தர ஓய்வு நாளில் கார் ஓட்ட மாட்டார்கள், நடந்தே வர வேண்டும். தள்ளிப்போனால் முதியவர்களால் வரமுடியாது, இது பெரும் சுமை என்றார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் அதை ஏற்கவில்லை. சில தெருக்கள் கூடுதலாக நடப்பது பெரும் சுமை ஆகாது என்றது. ஆனால் கிளப்புக்கு உண்டு, யூதர்களின் ஜெபாலயத்துக்கு இல்லை என்பது சம நடத்தை விதியை மீறுகிறது என்று சொல்லி, குழுக்களின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கதவு மூடியது, இன்னொன்று திறந்தது.

அரிசோனாவின் யூமா நகரில் ஒரு ஸ்பானிஷ் மொழிக் கிறிஸ்தவச் சபை, பழைய கடைத்தெருவில் மூடிக்கிடந்த ஜே.சி. பென்னி கடைக் கட்டடத்தை வாங்கியது. அங்கே உறுப்பினர் சங்கங்கள் நேரடி உரிமைப் பட்டியலில் இருந்தன. மத அமைப்பு மட்டும் நிபந்தனை அனுமதி கேட்க வேண்டும். கேட்டது, மறுக்கப்பட்டது. முன்னே சொன்ன 300 அடி மதுச் சட்டத்தால் கேளிக்கைத் தெரு உருவாகாமல் போய்விடும் என்பது ஊரின் வாதம். ஒரு தபால் நிலையமோ சிறைச்சாலையோகூட அந்த இடத்தை எடுத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கும்போது சபையை மட்டும் தடுப்பது எப்படிச் சமம் என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டது. சபை வென்றது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் கட்டடம் அவர்கள் கையில் இல்லை. இந்த வழக்கைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. சட்டம் கைகொடுக்கும், ஆனால் அதன் வேகத்தில்தான் கொடுக்கும். வங்கிக் கடன் அதற்காகக் காத்திருக்காது.

எல்லா வழக்கும் வழிபாட்டுக் குழுவின் பக்கம் போனதில்லை. சிகாகோ அருகே ஹேசல் கிரெஸ்ட் என்ற ஊர், ரயில் நிலையத்தைச் சுற்றிய பகுதியை வியாபாரத்துக்கு என்றே ஒதுக்கியது. அங்கே சபைக்கு இடமில்லை. சமூகக் கூடம் போன்ற லாபநோக்கமற்ற மற்ற இடங்களுக்கும் இல்லை. எல்லோரையும் ஒரே மாதிரி வெளியே நிறுத்தியதால் அது சமம்தான் என்று 2010இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்’ என்று சொன்ன எங்கள் நண்பருக்கு நான் அனுப்பிவைத்தது இந்த வழக்கைத்தான்.

பெரும் சுமைக்கு நல்ல உதாரணம் கலிஃபோர்னியாவின் சட்டர் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). சீக்கியக் குழு ஒன்று முதலில் குடியிருப்புப் பகுதியில் குருத்துவாரா கட்டக் கேட்டது. சத்தம், போக்குவரத்து என்று மறுத்தார்கள். சரி என்று ஊருக்கு வெளியே விவசாயப் பகுதியில் 28 ஏக்கருக்கு மேல் வாங்கிக் கேட்டது. எல்லா நிபந்தனைக்கும் ஒத்துக்கொண்டது. அதையும் மறுத்தார்கள். எங்கே போனாலும் ஒரு காரணம் சொல்லி மறுக்கலாம் என்றால் அதுதான் பெரும் சுமை என்று 2006இல் குழுவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

சுருக்கமாக: உங்களைப் போன்ற மற்ற கூட்டங்களுக்கு என்ன விதி என்று பாருங்கள். அவர்களுக்கு இளகி உங்களுக்கு இறுகினால் சம நடத்தை விதி. எங்கேயும் போக வழியில்லாமல் அடைத்தால் பெரும் சுமை விதி.

பொது விசாரணை நாள்

நியூ ஜெர்சியில் விண்ணப்பத்தைப் பற்றி 200 அடிக்குள் இருக்கிற சொத்துக்காரர்களுக்கு விசாரணைக்குப் பத்து நாள் முன்னதாக அறிவிப்புப் போக வேண்டும். அந்த அறிவிப்புத் தாள் போய்ச் சேருவதற்கு முன்பே நாம் நேரில் போய் அறிமுகமாகிவிடுவது நல்லது. நாங்கள் கொழுக்கட்டையோடு போனோம். பின்னால் குடியிருந்த ஒரு முதியவர், “மேளம் அடிப்பீர்களா?” என்று கேட்டார். வெளியே ஒலிபெருக்கி வைக்க மாட்டோம் என்றோம். விசாரணையில் அவர் எங்களை எதிர்த்துப் பேசவில்லை.

விசாரணையில் யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் திட்டக் குழு, அதாவது முடிவெடுக்கும் உள்ளூர் உறுப்பினர்கள், நெரிசல், சத்தம், விளக்கு, வடிகால் போன்றவற்றைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். “இவர்கள் எங்கள் ஊருக்கு வேண்டாம்” என்பது கணக்கில் சேராது. அந்த வெறுப்பு சில சமயம் பார்க்கிங் வேஷம் போட்டு வரும் என்பதும் உண்மை. எங்கள் மாநிலத்திலேயே பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் பள்ளிவாசல் கட்ட விண்ணப்பித்தவர்களுக்கு 39 விசாரணைகள் நடந்தன. மூன்று பேருக்கு ஒரு இடம் என்ற ஊரின் சொந்தக் கணக்குப்படி 50 கார் இடம் போதும். அவர்களிடம் மட்டும் 107 கேட்டார்கள். வழக்குப் போனது. 2017இல் ஊர் 32.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. வாட்ஸ்அப்பில் “நம்மைப் பிடிக்கவில்லை” என்று சொன்னவரின் பேச்சில் இருந்த உண்மை இதுதான். அதைக் கண்டுபிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது: மற்றவர்களுக்குப் போட்ட கணக்கும் நமக்குப் போட்ட கணக்கும் ஒன்றா என்று எண்ணிப் பாருங்கள். முகபாவனையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எதை முதலில் செய்வது

வரிசை மாறினால் பணம் போகும். முதலில் ஸோனிங் வரைபடத்தில் அந்த முகவரி எந்தப் பகுதி என்று பாருங்கள். அந்தப் பகுதியின் மூன்று பட்டியலைப் படியுங்கள். டவுன்ஷிப் திட்ட அலுவலகத்தில் விண்ணப்பத்துக்கு முன் ஒரு சந்திப்புக் கேளுங்கள். பெரும்பாலும் பொறுமையாகப் பேசுவார்கள். கட்டட அதிகாரியிடம் எத்தனை பேர் வரை இந்தக் கூடம் தாங்கும் என்று கேளுங்கள். அதற்கெல்லாம் பிறகுதான் வாடகைப் பத்திரம். அதிலும், ‘ஸோனிங் அனுமதி கிடைத்தால் மட்டுமே இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்’ என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். காலியாகக் கிடக்கிற கடையின் சொந்தக்காரர்கள் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். அந்த ஒரு வரி எங்கள் பத்திரத்தில் இல்லாததால், பூட்டிக் கிடந்த கடைக்கு ஒன்பது மாதம் வாடகை கட்டினோம். கோயில் நிதிக்கென்று பெரியவர்களும் குழந்தைகளும் சேர்த்த பணம் அது.

கடைசியில் எங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஒரே நேரத்தில் 120 பேர், இரவு பத்துக்குள் முடிக்க வேண்டும், வெளியே ஒலிபெருக்கி கூடாது, பக்கத்துப் பல் மருத்துவமனையோடு பகிர்வுப் பார்க்கிங். பின்பக்கம் இரண்டாவது வாசல் வைத்தோம். அந்த 120 என்ற எண் எழுதிய பலகை இப்போது பிள்ளையாருக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. சென்ற விநாயகர் சதுர்த்திக்கு நானூறு பேர் வருவார்கள் என்று தெரிந்ததும் பூஜையை நாலு வேளையாகப் பிரித்தோம். குடும்பங்களுக்கு நேரம் எழுதிய சீட்டு கொடுத்தோம், பார்க்கிங்கில் நாலு இளைஞர்கள் நின்று வழிகாட்டினார்கள். நாலாவது வேளைக்கு அந்த முதியவர் பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தார்.